உக்கிராணமும் காவலும்: இந்தியத் திருச்சபைகளின் படைப்புப் பேணலும் விவிலியச் சொல்லாட்சியும்

1. முன்னுரை

இயற்கையைப் பேணுவது திருச்சபையின் கடமைகளுள் ஒன்று என்னும் கருத்து இன்று இந்தியக் கிறிஸ்தவ சபைப் பிரிவுகள் பலவற்றிலும் ஏற்கப்பட்டுள்ளது. அக்கடமை எத்தகையது, ஒரு சபை அதனை எவ்வாறு நிறைவேற்றலாம் என்ற வினாக்கள் எழும்போது விவிலியத்தின் சில சொற்களே பெரும்பாலும் சான்றாகக் காட்டப்படுகின்றன. ஆளுதல், கீழ்ப்படுத்துதல், பண்படுத்துதல், காத்தல், உக்கிராணம் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இச்சொற்கள் எபிரேயத்திலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் மொழிபெயர்ப்பின் வழியாகவே சபை மக்களை அடைந்தன. எனவே மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த சொல்லின் பொருள் எல்லை, சபையார் உணர்ந்த கடமையின் எல்லையையும் ஓரளவு வரையறுத்தது எனலாம்.

இக்கடமையைக் குறிக்கத் தமிழ்த் திருச்சபை வழக்கில் நெடுங்காலம் நிலவிய சொல் உக்கிராணத்துவம் என்பதாகும். இச்சொல் காலப்போக்கில் காணிக்கை என்னும் பொருளளவில் சுருங்கியது. அண்மைக் காலத்தில் பொறுப்பு, பாதுகாப்பு, பராமரிப்பு முதலிய சொற்கள் அதன் இடத்தைப் பெற்று வருகின்றன. இம்மாற்றத்தால் தெளிவு கூடியுள்ளது; ஆயினும் பழைய சொல்லில் உறைந்திருந்த ‘கணக்கு ஒப்புவித்தல்’ என்னும் கூறு மறையும் நிலை தோன்றியுள்ளது. சபைகளின் சூழற்பணி நிலைபெறுவதற்கு அக்கூறு இன்றியமையாதது என்பதை மொழிபெயர்ப்பு வரலாற்றையும் சபை வரலாற்றையும் இணைத்து நோக்கி நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மொழிபெயர்ப்பாளரும் தாவரவியலாரும்

இந்திய மொழிகளில் விவிலியத்தைப் பெயர்த்தோருள் சிலர் இயற்கையை நுணுகி ஆராய்ந்தோராகவும் இருந்தனர். தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரையிலான பகுதியைப் பெயர்த்த நிலையில் 1719இல் அவர் மறைந்தார். எஞ்சிய பகுதியைப் பெஞ்சமின் சூல்ட்சு நிறைவு செய்தார். சென்னையில் பணியாற்றிய பப்ரிசியுசின் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது.

இதே தரங்கம்பாடி மரபினரான ராட்லர் 1776இல் இந்தியா வந்தார். தென்னிந்தியச் செடிகொடிகளைத் திரட்டி உலர்மாதிரிகளாகப் பாதுகாத்து ஐரோப்பிய அறிஞர்க்கு அனுப்பிய அவரே பெரியதொரு தமிழ்–ஆங்கில அகராதியையும் தொகுத்தார். அவ்வகராதி 1834 முதல் 1841 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அது முற்றுப்பெறுமுன் 1836இல் ராட்லர் காலமானார். வங்காளத்தில் செராம்பூரில் பணியாற்றிய வில்லியம் கேரி, 1801இல் வங்காளப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டவர். தம் இருப்பிடத்தில் தாவரத் தோட்டம் ஒன்றை வளர்த்த அவர், 1820இல் இந்திய வேளாண் தோட்டக்கலைக் கழகம் தோன்றக் காரணமானார். வில்லியம் ராக்ஸ்பரோ எழுதிய இந்தியத் தாவர நூலை 1832இல் பதிப்பித்து வெளியிட்டவரும் அவரே.

இவர்தம் ஈடுபாட்டை இன்றைய பொருளில் சூழற்பாதுகாப்பு என்று கூறுதல் பொருந்தாது. பெயரிடுதல், வகைப்படுத்துதல், பயன் காணுதல் ஆகியனவே அக்கால அறிவியலின் நோக்கங்கள். எனினும் சொல்லைத் திரட்டும் பணியும் செடியைத் திரட்டும் பணியும் ஒருவரிடமே அமைந்திருந்தமை கருதத்தக்கது. ஒரு பொருளை உள்ளவாறு பதிவு செய்து, அதன் பெயரையும் இடத்தையும் குறித்து வைக்கும் பழக்கம் இவ்விரண்டிற்கும் பொதுவானது. பின்னர் விளக்கப்படும் ‘கணக்கு’ என்னும் கருத்திற்கும் இப்பழக்கத்திற்கும் உறவுண்டு.

3. ‘ஆளுதல்’ என்னும் வினை

சூழலியல் நோக்கில் மிகுதியும் விவாதிக்கப்பட்ட விவிலியப் பகுதி தொடக்கநூல் அல்லது ஆதியாகமம் முதல் அதிகாரம் 28ஆம் வசனமாகும். அமெரிக்க வரலாற்றறிஞர் லின் வைட் 1967இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இவ்விவாதத்தைப் பரவலாக்கியது. இயற்கை மனிதனின் பயன்பாட்டிற்கே உரியது என்ற மனப்பான்மையை மேலைக் கிறிஸ்தவம் வளர்த்தது என்பது அவர் முன்வைத்த குற்றச்சாட்டு. எனினும் அவர் சமயத்தை முற்றாக விலக்கவில்லை. அசிசி நகரத்துப் பிரான்சிசை முன்மாதிரியாகக் காட்டி, சிக்கலின் வேர் சமயத்தில் இருப்பதால் தீர்வும் சமயம் சார்ந்ததாகவே இருத்தல் வேண்டும் என்றார்.

அவ்வசனத்தில் இரண்டு எபிரேய வினைகள் உள்ளன. ஒன்று ‘காபஷ்’, மற்றொன்று ‘ராதா’. முன்னது நாட்டை வென்று அடக்குதலையும் மக்களை அடிமைப்படுத்துதலையும் குறிக்கப் பிற இடங்களில் வருகிறது. வன்மை அதன் பொருளிலேயே உள்ளது. பின்னது ஆளுதலைக் குறிக்கும் பொது வினை. கொடுமை என்னும் பொருள் வேண்டப்படும்போது அதற்கென அடைமொழி ஒன்று சேர்க்கப்படுகிறது. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் ஏழ்மையால் விலைப்பட்ட சகோதரனைக் கொடுமையாக ஆளலாகாது என்று விலக்கும் இடத்திலும், எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்தில் மந்தையைக் கடுமையாக ஆண்ட மேய்ப்பரைக் கடியும் இடத்திலும் இவ்வினையே அடைபெற்று வருகிறது. ஆகவே ‘ராதா’ என்பது தன்னளவில் கொடுங்கோன்மையைச் சுட்டாது என்பது புலனாகும்.

ஹென்றி பவர் முதன்மையாக நின்று உருவாக்கி 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு, முன்னதைக் ‘கீழ்ப்படுத்தி’ என்றும் பின்னதை ‘ஆண்டுகொள்ளுங்கள்’ என்றும் பெயர்த்தது. இம்மொழிபெயர்ப்பின் திருத்தக் குழுவில் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லும் பங்கு பெற்றிருந்தார். இங்கு ‘கொள்’ என்னும் துணைவினை சிறப்பாக நோக்கற்பாலது. எபிரேய வினை வடிவில் இதற்கு நேரான உறுப்பு இல்லை. தமிழில் ‘கொள்’ செயலின் பயன் செய்பவனையே சாரும் என்பதை உணர்த்தும்; எடுத்துக்கொள், வைத்துக்கொள் என்பன எடுத்துக்காட்டுகள். இவ்வாறு நோக்கின் ‘ஆண்டுகொள்’ என்பது தன் பொருட்டு ஆளுதல் என்னும் பொருளைத் தரும். ஆனால் அதே துணைவினை, பார்த்துக்கொள், கவனித்துக்கொள் முதலியவற்றில் ஒன்றைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளுதலையும் உணர்த்துகிறது. பயன் கொள்ளுதல், பொறுப்பு ஏற்றல் ஆகிய இருபொருளும் ஒரே வடிவத்தில் அடங்கியிருப்பதால், வசனத்தின் தமிழ் வடிவம் இருவகை உரைக்கும் இடந்தருகிறது. முதல் பொருளை மட்டும் கொண்டு உரை கூறுவோர் தமிழ்ச் சொல்லின் ஒரு பாதியையே கண்டவராவர்.

கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், ‘கொள்’ என்னும் உறுப்பை நீக்கி ‘ஆளுங்கள்’ என்றே கூறுகிறது. ‘கீழ்ப்படுத்து’ என்பதற்கு மாற்றாக ஆற்றலுக்கு உட்படுத்துதல் என்னும் தொடரை ஆள்கிறது. கீழ் என்னும் இடப்பொருள் உள் என்னும் இடப்பொருளாக மாறியுள்ளது. முன்னது தாழ்த்துதலையும் பின்னது எல்லைக்குள் கொணர்தலையும் சுட்டும். இம்மாற்றம் சூழலியல் நோக்கத்தால் நேர்ந்ததா, நடை எளிமை கருதியதா என்பது எதுவாயினும், சொல்லின் கடுமை குறைந்துள்ளது என்பதில் ஐயமில்லை.

தமிழ்ப் பொருட்புலத்தில் ஆளுதலும் காத்தலும் முரண்பட்டவை அல்ல என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. அரசனைக் காவலன் என்றும் புரவலன் என்றும் கூறுவது பழந்தமிழ் மரபு. எபிரேய மரபிலும் அரசன் மேய்ப்பனாக உருவகிக்கப்படுகிறான். எனவே ‘ஆள்’ என்னும் வினையைக் கைவிடாமலே அதன் காவற்பொருளை வெளிக்கொணர்தல் தமிழில் இயலும்.

4. பண்படுத்தலும் காத்தலும்

இரண்டாம் அதிகாரம் 15ஆம் வசனம் மனிதன் ஏதேன் தோட்டத்தில் வைக்கப்பட்ட நோக்கத்தைக் கூறுகிறது. அங்குள்ள எபிரேய வினைகள் ‘ஆவத்’, ‘ஷாமர்’ என்பன. ஐக்கிய மொழிபெயர்ப்பு இவற்றைப் பண்படுத்தவும் காக்கவும் எனப் பெயர்த்தது. பொது மொழிபெயர்ப்பு முதற்சொல்லை ஏற்று, இரண்டாவதைப் பாதுகாக்க என விரித்தது.

‘ஆவத்’ என்னும் வினை நிலத்தை உழுது பயிரிடுதலை மட்டுமன்றி ஏவல் செய்தலையும் இறைவனுக்கு வழிபாடு இயற்றுதலையும் குறிக்கும். ‘ஷாமர்’ என்பது காவல் காத்தல், கட்டளையைக் கைக்கொள்ளுதல் ஆகியவற்றைக் குறிக்கும். எண்ணாகமம் 3ஆம் அதிகாரத்தில் லேவியர் கூடாரத்தில் ஆற்ற வேண்டிய பணிவிடையையும் காவலையும் குறிக்க இவ்விரு வேர்களும் இணைந்து வருகின்றன. எனவே எபிரேய வாசகன் தோட்ட வேலையில் திருப்பணியின் எதிரொலியைக் கேட்கக்கூடும். தமிழில் பண்படுத்துதல் ஒரு சொல்லாகவும் பணிவிடை வேறொரு சொல்லாகவும் அமைவதால் இவ்வெதிரொலி கேட்பதில்லை. இது மொழிபெயர்ப்பாளரின் குறையன்று. ஒரு மொழியின் பல்பொருள் ஒருசொல் வேறொரு மொழியில் பல சொற்களாகப் பிரிவது இயல்பே.

இழப்பு ஒருபுறமிருக்க, தமிழ்ச் சொல் தரும் ஈட்டமும் உண்டு. பண்படுத்து என்பதன் வேரிலிருந்தே பண்பாடு என்னும் சொல்லும் ஆக்கப்பட்டுள்ளது. இலத்தீன் மொழியில் உழுதலையும் வழிபடுதலையும் குறிக்கும் ஒரே வினையிலிருந்து ஐரோப்பிய மொழிகளின் பண்பாட்டைக் குறிக்கும் சொல் பிறந்ததை மொழியியலார் அறிவர். நிலத்தை அதன் பண்பிற்கேற்பச் செம்மையாக்குதல் என்னும் பொருளைப் பண்படுத்து தெளிவாகத் தருகிறது. இச்சொல்லில் அழித்தலுக்கு இடமில்லை. அவ்வாறே முதல் மனிதனின் பெயரான ஆதாம், மண்ணைக் குறிக்கும் ‘அதாமா’ என்னும் சொல்லோடு எபிரேயத்தில் ஒலியியைபு கொண்டுள்ளது. தமிழில் மனிதன், மண் என்பன வேர்த்தொடர்பு அற்றவையாயினும் மோனையால் இயைந்து, மூலத்தின் சொல்லணியை ஓரளவு காட்டிவிடுகின்றன.

நிலம் இறைவனுடையது, மக்கள் அதில் நிலையான உரிமை அற்றவர் என்பதைக் கூறும் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘புறக்குடிகள்’ என்னும் சொல்லை ஆண்டுள்ளது. இது தமிழக நிலவுரிமை வழக்கில் உள்குடிக்கு மறுதலையாக நின்ற சொல்லை நினைவூட்டும். பிறர் நிலத்தில் பயிரிடும் குடியின் நிலைமை 19ஆம் நூற்றாண்டுச் சிற்றூர்ச் சபையார்க்கு நன்கு தெரிந்த ஒன்றாதலின், அச்சொல் அவர்க்கு விளக்கம் வேண்டாமலே பொருள் தந்திருக்கும்.

5. உக்கிராணக்காரன்: ஒரு சொல்லின் வரலாறு

ஆங்கில வழக்கில் சூழற்கடமையைக் குறிக்கும் ஸ்டூவர்ட்ஷிப் என்னும் சொல், வீட்டைக் காப்பவன் என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. விவிலியத்தில் அதற்கு மூலமாக அமைந்த கிரேக்கச் சொல் ‘ஓய்க்கோனோமோஸ்’ என்பது. வீடு என்று பொருள்படும் ‘ஓய்க்கோஸ்’ அதன் முதலுறுப்பு. 1866இல் ஜெர்மானிய உயிரியலார் எர்ன்ஸ்ட் ஹெக்கல் சூழலியலுக்குப் பெயரிட்டபோதும் அதே கிரேக்கச் சொல்லையே அடிப்படையாகக் கொண்டார். பொருளியல், சூழலியல் ஆகிய இருதுறைப் பெயர்களும் வீட்டைக் குறிக்கும் ஒரே சொல்லில் கிளைத்தவை.

இக்கிரேக்கச் சொல்லை இந்திய மொழிகள் வெவ்வேறு கோணங்களில் பெயர்த்துள்ளன. லூக்கா 16ஆம் அதிகாரத்து உவமையை எடுத்துக்கொண்டால், இந்தியில் ‘பண்டாரீ’ என்றும், தெலுங்கில் ‘கிருஹநிர்வாஹகுடு’ என்றும், கன்னடத்தில் ‘மனெவார்த்தெயவனு’ என்றும், மலையாளத்தில் ‘காரியவிசாரகன்’ என்றும் பழைய மொழிபெயர்ப்புகளில் காணப்படுகிறது. தெலுங்கும் கன்னடமும் வீட்டு ஆட்சியை முன்னிறுத்துகின்றன. மலையாளம் காரியங்களை விசாரித்தலைக் காட்டுகிறது. இந்தி பண்டகசாலையைச் சுட்டுகிறது. தமிழ் ஐக்கிய மொழிபெயர்ப்பின் ‘உக்கிராணக்காரன்’ இந்தியோடு ஒத்துச் செல்கிறது. உக்கிராணம் என்பது பண்டங்களைச் சேமித்து வைக்கும் அறை. கன்னடத்திலும் தெலுங்கிலும் இச்சொல் இதே பொருளில் வழங்குகிறது. அரண்மனை, கோயில், பெருவீடு ஆகியவற்றின் நிர்வாகத்தோடு தொடர்புடைய சொல் இது.

தமிழ் மொழிபெயர்ப்பில் ஒருசீர்மை முற்றாக இல்லை. லூக்கா 12ஆம் அதிகாரத்தில் அதே கிரேக்கச் சொல்லுக்கு ‘விசாரணைக்காரன்’ என்று வருகிறது. பழைய ஏற்பாட்டில் யோசேப்பின் வீட்டு அலுவலனும் விசாரணைக்காரனே. பிறர்க்கு வேளைதோறும் படியளப்பவன் பேசப்படும் இடத்தில் விசாரணைக்காரன் என்றும், கணக்கு ஒப்புவிக்கும்படி கேட்கப்படும் இடத்தில் உக்கிராணக்காரன் என்றும் சூழலுக்கேற்ப அமைந்திருத்தல் காணலாம். பவுலின் கடிதங்களிலும் பேதுருவின் முதற்கடிதத்திலும் உக்கிராணக்காரன் ஆன்மிகப் பொறுப்பை உணர்த்தும் உருவகமாகிறான்.

உக்கிராணக்காரன் என்னும் சொல்லில் நான்கு பொருட்கூறுகள் உள்ளன. பொருள் அவனுடையதன்று, அது அவன் கையில் ஒப்படைக்கப்பட்டுள்ளது, உரியவர்க்கு உரிய வேளையில் அளந்து கொடுப்பது அவன் வேலை, இருப்பும் செலவும் பற்றி உடைமையாளனுக்கு அவன் கணக்குக் காட்ட வேண்டும். இவற்றுள் முதல் மூன்றும் விசாரணைக்காரனுக்கும் பொருந்தும். நான்காவது கூறு உக்கிராணக்காரனுக்கே சிறப்பாக உரியது. இருப்பை எண்ணாமல் ஒருவன் உக்கிராணத்தைக் காக்க இயலாது.

6. பொருட்சுருக்கமும் மீட்பும்

பண்புப்பெயர் விகுதி சேர்ந்து ஆக்கப்பட்ட உக்கிராணத்துவம் என்னும் சொல், சபை நிர்வாக வழக்கில் காணிக்கை, தசமபாகம், நேரம், தாலந்து ஆகியவற்றை இறைவனுக்கு அளித்தலைக் குறிப்பதாயிற்று. அமெரிக்கத் திருச்சபைகளிலும் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் இதற்கு நேரான ஆங்கிலச் சொல் சபை நிதி திரட்டலோடு இணைந்தே வழங்கியது. மிசோரமில் 1910இல் தொடங்கிய பிடியரிசிக் காணிக்கையும் தமிழகச் சபைகளின் அறுப்பின் பண்டிகையும் விளைபொருளை இறைவனுக்கு அளிக்கும் சிறந்த மரபுகளாகும். ஆயினும் இங்குக் கணக்கிடப்பட்டது சபைக்கு வந்த பொருளே. அதை விளைவித்த மண்ணின் நிலை கணக்கில் இடம்பெறவில்லை.

இச்சொல்லை நிலத்தின் மீது மீண்டும் பொருத்திய முயற்சிகள் 20ஆம் நூற்றாண்டில் தோன்றின. அமெரிக்க மண்ணியல் அறிஞர் வால்டர் லோடர்மில்க் 1939இல் எருசலேமிலிருந்து ஆற்றிய வானொலி உரையில், மண்ணையும் நீரையும் காடுகளையும் உண்மையுள்ள உக்கிராணக்காரராய்க் காத்தலைப் பத்துக் கட்டளைகளோடு சேர்க்கத்தக்க பதினொன்றாம் கட்டளையாக மொழிந்தார். 1961இல் புது தில்லியில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மூன்றாம் பேரவையில், லூத்தரன் இறையியலார் ஜோசப் சிட்லர் மீட்பு மனிதருக்கு மட்டுமன்றிப் படைப்பு அனைத்திற்கும் உரியது என்று வாதிட்டார். லின் வைட்டின் கட்டுரைக்கு ஆறாண்டுகள் முன்னரே, இந்திய மண்ணில் இக்குரல் எழுந்தது குறிப்பிடத்தக்கது. 1983இல் வான்கூவரில் கூடிய ஆறாம் பேரவை நீதி, சமாதானம், படைப்பின் முழுமை ஆகியவற்றை ஒன்றாக இணைத்தது. 1989இல் கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை டெமெட்ரியோஸ் செப்டம்பர் முதல் நாளைப் படைப்பிற்கான மன்றாட்டு நாளாக அறிவித்தார். கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் பொது இல்லத்தைப் பேணுதல் குறித்துச் சுற்றுமடல் வெளியிட்டார். அம்மடல் ஆளுகையைக் கொடுங்கோன்மையாகக் கொள்ளும் உரையை மறுத்து, தொடக்கநூல் இரண்டாம் அதிகாரத்தின் இரு வினைகளையும் இணைத்து விளக்குகிறது.

இக்கருத்துகள் தமிழுக்கு வந்தபோது புதிய சொற்கள் தேவைப்பட்டன. சிருஷ்டி என்பது படைப்பு ஆயிற்று. சுற்றுச்சூழல் என்னும் பொதுச்சொல்லும் உடன் வழங்குகிறது. சுற்றுச்சூழல் என்னும்போது மனிதன் நடுவிலும் பிறவெல்லாம் அவனைச் சூழ்ந்தும் நிற்கின்றன. படைப்பு என்னும்போது மனிதனும் அதனுள் ஒருவனாகிறான். ஓய்க்கோனோமோஸ் என்பதற்குப் பொது மொழிபெயர்ப்பு லூக்கா 16இல் வீட்டுப் பொறுப்பாளர் என்று கூறுகிறது. இது இன்றைய வாசகர்க்கு எளிதில் விளங்கும். வீடு என்னும் மூலப்பொருளையும் மீட்டுத் தருகிறது. ஆனால் பொறுப்பு என்னும் சொல் பெரிதும் மனநிலையைச் சுட்டும் சொல்லாகிவிட்டது. பொறுப்புணர்வு உடையவர் எனலாம். உக்கிராண உணர்வு உடையவர் என்று எவரும் கூறுவதில்லை. பழைய சொல் உணர்வைக் குறிக்காமல் இருப்பையும் ஏட்டையும் குறித்தது. பாதுகாப்பு, பராமரிப்பு என்பனவும் செயலைக் குறிப்பனவேயன்றி, யாருக்கு விடை சொல்ல வேண்டும் என்பதைக் குறிப்பதில்லை.

7. சபைகளின் நடைமுறை

சொல்லில் நேர்ந்த இவ்வேறுபாடு நடைமுறையில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதற்குச் சபை வரலாற்றிலிருந்து சான்றுகள் காட்டலாம்.

திருநெல்வேலிப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவச் சிற்றூர்கள் பல தோன்றின. இரேனியுசின் காலத்தில் 1830இல் அமைந்த தர்ம சங்கம், சபையார் குடியிருக்க நிலம் வாங்கும் பொருட்டு நிதி திரட்டியது. மெய்ஞ்ஞானபுரத்தில் ஜான் தாமசும் இடையன்குடியில் 1841 முதல் கால்டுவெல்லும் பணியாற்றிய காலங்களில், தேரி மணல் சார்ந்த வறண்ட ஊர்களில் கிணறுகள் தோண்டப்பட்டு மரங்கள் வைத்து வளர்க்கப்பட்டன. பனையை நம்பி வாழ்ந்த மக்களின் ஊர்கள் அவை. குடியிருப்பும் வாழ்வாதாரமும் அப்பணியின் நோக்கங்கள். இயற்கைப் பாதுகாப்பு என்னும் கருத்து அதன் பின்னணியில் இல்லை. எனினும் கிணறும் மரமும் நிலமும் சபையின் பொதுப்பொருளாகப் பதிவு பெற்று, தலைமுறை தோறும் கைமாறி வந்தன. அவ்வகையில் அவை உக்கிராணப் பொருளாகவே விளங்கின.

வடகிழக்கிலிருந்து அண்மைக் காலச் சான்று ஒன்று கிடைக்கிறது. நாகாலாந்தின் வோகா மாவட்டத்தில் தோயாங் நீர்த்தேக்கத்தை ஒட்டிய பகுதிகளில் அமூர் வல்லூறுகள் ஆண்டுதோறும் வலசை செல்லும் வழியில் பெருந்திரளாகத் தங்குகின்றன. 2012இல் அவை பல்லாயிரக்கணக்கில் வலை வீசிப் பிடித்துக் கொல்லப்பட்ட செய்தி நாடெங்கும் அதிர்ச்சியை விளைவித்தது. அப்பகுதி மக்கள் பெரும்பாலும் பாப்டிஸ்ட் சபையினர். 2013இல் பங்தி முதலிய சிற்றூர் மன்றங்கள் வேட்டையைத் தடைசெய்து தண்டமும் விதித்தன. வனத்துறையும் தன்னார்வத் தொண்டரும் உடன் நின்றனர். சபையாரும் இம்முயற்சியில் பங்கு கொண்டனர். அவ்வாண்டுப் பருவத்தில் கொலை நின்றது. அதே ஆண்டு மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்டு நாகா, வோகா, பங்தி எனப் பெயரிடப்பட்டது. கிறிஸ்தவத்திற்கு முற்பட்ட நாகர் வாழ்வில் ‘கென்னா’ எனப்பட்ட விலக்கு நாள்கள் பல செயல்களுக்கு எல்லை வகுத்தன. மதமாற்றத்தால் அவ்விலக்குகள் தளர்ந்த இடத்தில், புதிய எல்லையை ஊர்மன்றமும் சபையும் சேர்ந்து வகுக்க நேர்ந்தது. வலையின்றிப் பறவையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்ற அம்மக்களிடம் ‘ஆண்டுகொள்’ என்பதன் இரண்டாம் பொருள் நடைமுறையில் வெளிப்பட்டது எனலாம்.

இவ்விரு சான்றுகளிலும் பொதுவான கூறு ஒன்றுண்டு. காக்கப்பட்ட பொருள் இன்னது என்பது திட்டமாகத் தெரிந்திருந்தது: இந்தக் கிணறு, இந்த மரம், இந்தப் பறவை. யார் யாருக்கு விடை சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை மரக்கன்று நட்டுவிட்டு அதன்பின் அதை நாடாமல் விடும் விழாக்களில் இவ்விரண்டும் இருப்பதில்லை.

இந்நோக்கில் ஒரு சபை செய்யத்தக்கவை சில தெளிவாகின்றன. இந்தியச் சபைகள் பலவற்றிற்கு ஆலய வளாகம், கல்லறைத் தோட்டம், பள்ளி வளாகம், வயல் என நிலங்கள் உள்ளன. அவற்றின் வரவுசெலவு ஆண்டுதோறும் சபையார் முன் படிக்கப்படுகிறது. அவ்வேட்டிலேயே நிலத்தில் நிற்கும் மரங்களின் எண்ணிக்கை, கிணற்றின் நீர்மட்டம், மின்சாரச் செலவு, விழா நாள்களில் சேர்ந்த குப்பையின் அளவு ஆகியவற்றையும் சேர்த்துப் படிப்பது இயல்பான விரிவாகும். தமிழ்நாட்டில் 2003இல் கட்டடங்கள் அனைத்திற்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அகன்ற கூரை உடைய ஆலயங்கள் இதில் மிகுந்த பயன் விளைக்க வல்லவை. ஆனால் அமைத்த குழியும் குழாயும் ஆண்டுதோறும் தூர்வாரப்படுகின்றனவா என்பதே கணக்கில் வர வேண்டியது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 சனவரி முதல் அம்மாநிலத்தில் தடை உள்ளது. அன்பின் விருந்திலும் அறுப்பின் பண்டிகையிலும் வாழையிலை, பனையோலைப் பெட்டி முதலியவற்றைப் பயன்படுத்துவது தடைக்குப் பணிதல் மட்டுமன்றிப் பனைத்தொழிலுக்கும் துணையாகும்.

வழிபாட்டிலும் இதற்கு இடமுண்டு. செப்டம்பர் முதல் நாள் தொடங்கி அசிசி பிரான்சிசின் நினைவுநாளான அக்டோபர் 4 வரை உலகெங்கும் பல திருச்சபைகள் படைப்பின் காலத்தைக் கடைப்பிடிக்கின்றன. அக்காலத்து மன்றாட்டுகளில் உலகம், இயற்கை என்னும் பொதுச்சொற்களோடு அந்தந்த ஊரின் ஆறும் குளமும் பெயர் சுட்டி இடம்பெறுதல் நன்று. ஊர்ப்பெயரும் நீர்நிலைப் பெயரும் வழிபாட்டு மொழியில் நுழையும்போது, சபையார் எதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கு விளங்கும்.

8. முடிவுரை

விவிலியத்தின் ‘ஆளுகை’ இயற்கை அழிவுக்குக் காரணமா என்னும் விவாதத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு ஒரு தரப்பை மட்டும் சாரவில்லை. ‘ஆண்டுகொள்’ என்பதன் துணைவினையில் பயனும் பொறுப்பும் ஒருங்கே உள்ளன. ‘பண்படுத்து’ என்பதில் செம்மையாக்கும் பொருள் உள்ளது. ‘உக்கிராணக்காரன்’ என்பதில் எண்ணிக் காத்து விடை சொல்லும் கடமை உள்ளது. இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டதே சபைகளின் நடைமுறைக்கு நேரடி வழிகாட்டி.

இச்சொல்லை இன்றைய வாசகர் அறியார் என்பதால் புதிய மொழிபெயர்ப்புகள் அதனை விலக்குவது ஏற்கத்தக்கதே. விலக்கும்போது அதன் நான்காம் பொருட்கூறும் விடுபடாதவாறு காத்தல் மொழிபெயர்ப்பாளர்தம் கடன். பொறுப்பாளர் என்னும் சொல்லை ஆள்வோர், உரிய இடங்களில் கணக்கு, ஒப்படைப்பு ஆகிய சொற்களை உடன் நிறுத்தலாம். வழிபாட்டு நூல்களையும் இறையியல் நூல்களையும் பெயர்ப்போர்க்கும் இது பொருந்தும். சபையின் ஆண்டுக் கணக்கில் கிணற்றின் நீர்மட்டத்தையும் மரங்களின் எண்ணிக்கையையும் படிக்கும் ஊர்களில், உக்கிராணம் என்னும் சொல் வழக்கிழந்தாலும் அதன் பொருள் வழக்கில் நிற்கும்.